மற்றொரு குழந்தை

பல் பதிந்த இடம் சிட்டுவின் முழங்கைக்குச் சற்றுக் கீழே, உட்பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு பிறை, கீழே ஒரு பிறை, நடுவில் தோல் வெளுத்திருந்தது. அண்ணி மகளின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிட்டுவுக்கு இரண்டரை வயது. வலி எப்போதோ போய்விட்டதால் அவள் மறு கையால் பிஸ்கட் தின்றபடி, வேறு யாருடைய கையையோ வேடிக்கை பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கடிச்சா?" என்றாள் அண்ணி.

கேள்வி குழந்தையிடம் கேட்கப்படவில்லை. அப்போதுதான் தோள்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் கேட்கப்பட்டது. அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"மற்றொரு குழந்தை அண்ணி."

"அதைத்தான் தாள்லயே எழுதிக் குடுத்துட்டாங்களே. நான் பேரு கேக்கறேன்."

"அதைச் சொல்லக் கூடாது."

"வெளியாள்கிட்ட சொல்லக் கூடாது, சரி. நான் வெளியாளா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஏதோ ஒன்று கெடும் என்று அவளுக்குத் தெரிந்தது. பையின் வார் ஏற்கெனவே ஆணியில் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அதை இன்னொரு முறை எடுத்து மாட்டினாள்.

முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு புத்தகப்பை தூக்கியவள் அவள். அதற்கு முன் பல வருஷம் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போட்டாள். பிறகு, மகள் படித்த குழந்தைகள் பள்ளியில் ஆள் பற்றவில்லை என்று உதவிக்குப் போனாள். குழந்தைகள்மேல் கொள்ளை ஆசை என்றெல்லாம் சொல்ல முடியாது. கடையில் நாள் முழுக்க நின்ற காலுக்கு அங்கே தரையில் உட்கார முடிந்தது, அவ்வளவுதான். ஆசை பின்னால் வந்தது. பட்டம் இல்லாதவர்கள் ஒரு வகுப்புக்குப் பொறுப்பாக இருக்க முடியாது என்று விதி வந்தபோதுதான், தனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் முன்பருவக் கல்விப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பாதி வகுப்புகள் மாலையில், மீதி விடுமுறை நாட்களில்.

கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில்தான். அவளும் பத்து வயது மகளும் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார்கள். அண்ணன் நல்லவன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "மூக்கு துடைக்க நாலு வருஷப் படிப்பா? அம்மா நம்ம எல்லாருக்கும் முந்தானையிலயே முடிச்சாங்க" என்றான். அதற்கு மறுப்புச் சொன்னது அண்ணிதான். "முந்தானையில துடைச்சதாலதான் நீங்க இப்படி இருக்கீங்க. வீட்ல ஒருத்தராவது ஒழுங்காப் படிக்கட்டும், விடுங்க" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. நாத்தனாருக்கு வகுப்பு இருக்கும் மாலைகளில் அவளுடைய மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, வீட்டுப்பாடம் பார்த்ததும் அண்ணிதான். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து இதையும் செய்தாள். அண்ணி கையை விலக்கிக்கொண்டால் படிப்பு ஒரு வாரம்கூடத் தாங்காது. இருவருக்கும் அது தெரியும். இதுவரை ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றைக்கு அண்ணி சொல்லிவிட்டாள். "உன் புள்ளைய நான் என் புள்ள மாதிரிதான் பாக்கறேன். என் புள்ளைய கடிச்சது யாருன்னு உன்னால சொல்ல முடியல."

கடைசிப் பருவத்தின் களப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இதில் தேறினால் பட்டம். சிட்டு போகும் பள்ளியிலேயே, சிட்டு இருக்கும் இரண்டு வயது வகுப்பிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. வேறு எங்கும் காலி இல்லை. உறவுக் குழந்தை அங்கே இருப்பதை அவள் மறைக்காமல் சொன்னாள். பல்கலைக்கழக விரிவுரையாளர் யோசித்து யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். பெரிய டீச்சர் என்று எல்லாரும் அழைக்கும் பள்ளித் தலைவி மட்டும் ஒரே வரியில் முடித்தாள். "கதவைத் தாண்டி உள்ள வந்தா நீங்க அத்தை இல்ல." அந்த வகுப்பின் ஆசிரியை பருவ முடிவில் ஊர் மாறிப் போகிறாள், தேறினால் அந்த இடம் உங்களுக்குத்தான் என்றும் சொல்லிவைத்தாள்.

குழந்தைகள் பள்ளிகளில் கடி என்பது சளி காய்ச்சலைப் போல வருவதும் போவதுமான ஒன்று. பேச்சு முழுதாக வராத வயதில் வாய்க்கு வேறு வேலை இல்லாததால் கடிக்கிறார்கள். அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. கடிபட்ட குழந்தையின் வீட்டுக்கு, எங்கே எப்போது கடி விழுந்தது, என்ன மருந்து போட்டோம் என்று எழுதித் தருவார்கள். கடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மற்றொரு குழந்தை' என்று இருக்கும். கடித்த குழந்தையின் வீட்டாரைத் தனியே அழைத்துப் பேசுவார்கள், அவர்களுக்கும் யாரைக் கடித்தான் என்று சொல்வதில்லை. இரண்டு வயதில் ஒட்டிய பெயர் பத்து வயதுவரை உரியாது என்பது பெரிய டீச்சரின் அனுபவம்.

கடித்தவனை வகுப்பில் மேஸ்திரி என்பார்கள். காலையில் வந்ததும் மரக்கட்டைகளை இழுத்துப்போட்டு அடுக்கத் தொடங்குவான், சாப்பிடக் கூப்பிடும்வரை நிமிரமாட்டான். பேச்சு இன்னும் வரவில்லை. அவனுடைய அம்மா பஸ் நடத்துனர். சீருடையோடு, பணப்பையை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி, மாலையில் கடைசி ஆளாக ஓடி வருவாள். படிப்புக்காக ஒரு குழந்தையைத் தொடர்ந்து கவனித்து எழுத வேண்டும் என்றிருந்தபோது நாத்தனார் தேர்ந்தெடுத்தது மேஸ்திரியைத்தான். அம்மாவிடம் சம்மதமும் வாங்கியிருந்தாள்.

விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், மனதால் பார்த்ததை எழுதாதீர்கள். 'கோபத்தில் கடித்தான்' என்று அவள் எழுதியபோது 'கோபம்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தார். கோபம் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவள் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மேஸ்திரி கடிப்பதற்கு முன் ஒரு நொடி மூச்சை நிறுத்துகிறான், தாடை முன்னே வருகிறது, விரல்கள் விரிகின்றன. அந்த நொடியில் யாராவது கை எட்டும் தூரத்தில் இருந்தால் கடி விழாது. ஆகவே ஒருவர் அவனோடு நிழலாக இருக்க வேண்டும். அந்த வேலை அவளுடையது.

இங்கேதான் அவள் செய்த பழைய தவறு ஒன்று முளைத்தது. பல வாரங்களுக்கு முன், படித்தது சூடாக இருந்த நாளில், சாப்பிடும்போது அண்ணியிடம் இதை விளக்கியிருந்தாள். ஒரு குழந்தை கடிக்கிறது என்றால் அதை அடிக்கவோ ஒதுக்கவோ கூடாது, பெரியவர் ஒருவர் அதன் பக்கத்திலேயே இருப்பார் என்று. அண்ணிக்குப் படித்தவர்களைவிட நல்ல ஞாபகசக்தி. மருந்துப் பெயர்களை வைத்தே பிழைப்பவள்.

கடி விழுந்த மறுநாள் அண்ணி வழக்கத்தைவிட முன்னதாக வந்தாள். வகுப்பின் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. வெளிவாசலில் மணி அடித்தால் உள்ளே கேட்கும், அதன்பின் சற்று நேரத்தில் கண்ணாடியில் ஒரு முகம் தெரியும். நாத்தனார் மேஸ்திரியின் பக்கத்தில் தரையில் இருந்தாள். நிமிர்ந்தபோது அண்ணியின் கண்கள் அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தன.

அவள் எழுந்துவிட்டாள். அறைக்கு அந்தப் பக்கம் போய், அங்கே ஈரக் கையோடு நின்ற பட்டாணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பட்டாணி உருண்டையான சின்னப் பையன், ஒரு தையல்காரியின் மகன். யார் மடி காலியாக இருந்தாலும் ஏறி உட்காருவான். அவனை எடுத்ததற்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை. கைக்கு எட்டினான், கூப்பிட்டால் வருவான், அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வெளிவாசல் மணி கேட்டதும் கால்கள் தாமாகவே பட்டாணியிடம் போயின. இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அவள் நினைத்தாள். ஒரு திரை போட்டோம், திரைக்கு வலிக்குமா? திரை என்று அவள் நினைத்தது ஒரு குழந்தை என்பது அப்போது அவள் கணக்கில் வரவில்லை. படித்தவர்கள் செய்யும் தவறுகளில் இது ஒரு வகை. விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில், விதி யாருக்காக இருக்கிறது என்பதை மறந்துபோவது.

அந்த வாரம் அண்ணி பெயரைக் கேட்கவே இல்லை. கோபம் ஆறிவிட்டது என்று நாத்தனார் எண்ணினாள். வார இறுதியில் இருவரும் மாடியில் துணி உலர்த்தும்போது அண்ணி ஒரு சட்டையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தையல்காரி பையன்தானே."

நாத்தனாரின் கையில் இருந்த ஈரத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் வாயிலிருந்து வரல. நானாத்தான் பாத்துக் கண்டுபிடிச்சேன். உன் படிப்புக்கு ஒரு கெடுதலும் வராது."

அண்ணி அதை அன்பாகத்தான் சொன்னாள். நாத்தனாருக்கு இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவன் இல்லை என்பது அடுத்த கேள்விக்கான கதவு. அப்போ அவனா? இவளா? இப்படி ஒவ்வொருவராக நகர்ந்துபோனால் கடைசியில் மிச்சம் நிற்பவன் பெயர் சொல்லாமலே சொன்னதாகிவிடும். ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டதை அண்ணி ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மருந்துக் கடைக்கு வராத தாய்மார் யார் இருக்கிறார்கள்? ஒருத்திக்குக் காய்ச்சல் மருந்து, இன்னொருத்திக்குப் பல் முளைக்கும்போது தடவும் களிம்பு. அண்ணி ஒன்றும் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. உங்க குழந்தைய கொஞ்சம் பாத்துக்கோங்க, அந்தத் தையல்காரி பையன்கூட விளையாடும்போது மட்டும், என்று அக்கறையோடு சொன்னாள். அக்கறையோடு சொல்லும் சொல்தான் வேகமாகப் போகிறது. பள்ளி வாசலில் பட்டாணி யார் பக்கமாவது ஓடினால் அந்த அம்மா தன் குழந்தையின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் தையல்காரியால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

ஒரு காலை தையல்காரி குழந்தையை விட வந்தபோது நாத்தனாரைத் தனியாக நிறுத்தினாள். விரல்களில் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியின் தூள் இருந்தது.

"டீச்சர், என் புள்ள கடிக்கிறானா?"

"இல்லங்க. உங்க பையன் யாரையும் கடிக்கல."

"அப்ப ஏன் எல்லாரும் எங்களைப் பாத்தா ஒதுங்கிப் போறாங்க?"

நாத்தனார் வகுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லுங்க. அது போதும்."

"அது... பெரிய டீச்சர்கிட்ட பேசறேன்."

"பேசுங்க" என்றாள் தையல்காரி. நம்பியதாகத் தெரியவில்லை. "நான் அவன் வாயில ரெண்டு தட்டு தட்டி வச்சிருக்கேன். யாரையாவது கடிச்சே, பாத்துக்கன்னு. கடிக்காத புள்ளையவா தட்டினேன்?"

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டாணி வாயைத் திறக்கவில்லை. கரண்டி பக்கத்தில் வந்ததும் உதடுகளை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டான். பசிக்காமல் இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்கு இருந்த பெண், பல் வலியோ என்னவோ என்றாள். நாத்தனார் அவன் எதிரே குட்டி நாற்காலியில் உட்கார்ந்து தன் வாயைத் திறந்து காட்டினாள். அவன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு அவள் மடியைக் காட்டினாள். மடியை வேண்டாம் என்று சொல்லிப் பழகாத பிள்ளை, தலையை அசைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றான்.

கண்ணால் பார்த்ததை எழுது. அவள் பார்த்தது இதுதான்.

அன்று மாலையே பெரிய டீச்சரிடம் போனாள். ஆனால் பாதிதான் சொன்னாள். பட்டாணிமேல் வீண்பழி வந்திருக்கிறது, பெற்றோரிடம் அவன் இல்லை என்று சொல்லலாமா என்று கேட்டாள். பழி எங்கிருந்து கிளம்பியது என்று பெரிய டீச்சர் கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை.

"அவன் இல்லன்னு நான் ஒருத்தனுக்குச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தி வந்து என் புள்ளைக்கும் சொல்லுங்கன்னு நிப்பா" என்றாள் பெரிய டீச்சர். "எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தா, யாருக்குச் சொல்லலியோ அவன் மாட்டுவான். அவங்க அம்மா தினமும் இந்த வாசல்லதான் வந்து நிக்கறா."

உண்மைதான். நடத்துனர் தினமும் அந்த வாசலில்தான் நின்றாள். தன் மகன் கடித்தான் என்று அவளுக்குத் தெரியும். பழி வேறு தலையில் விழுந்திருப்பதும் தெரியாமல் இருக்காது. தையல்காரி வரும்போது மட்டும் அவள் பணப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

விரிவுரையாளர் இறுதி மதிப்பீட்டுக்கு வந்த நாளில் மழை பெய்தது. குழந்தைகளை வெளியே விட முடியாததால் அறை முழுக்கச் சத்தம். விரிவுரையாளர் உயரமானவர். மூலையில் குட்டி நாற்காலியில், முழங்கால் மார்புக்கு முட்ட உட்கார்ந்து, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மழை நாளில் இரண்டு வயது வகுப்பைச் சமாளிப்பது சும்மா இல்லை. நாத்தனார் நன்றாகவே சமாளித்தாள். காலையில் மேஸ்திரி கட்டைகளால் எழுப்பிய மதிலை இன்னொரு குழந்தை தட்டிவிட்டபோது அவன் மூச்சு நின்றதை அவள் பார்த்துவிட்டாள். கடிப்பதற்கென்றே வைத்திருந்த துணி வளையத்தை அவன் கையில் வைத்து, "போச்சு, விழுந்துருச்சு" என்று அவனுக்காகத் தானே சொன்னாள். வளையத்தைக் கடித்தான். விரிவுரையாளரின் பேனா நின்று மறுபடி ஓடியது.

மாலையில் மணிகள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. ஒவ்வொரு மணிக்கும் அவள் எழுந்தாள், நடந்தாள், அலமாரிக்குப் பக்கத்தில் பட்டாணியிடம் போய் உட்கார்ந்தாள். அதைத் தான் செய்கிறோம் என்பதே அவள் நினைவில் இல்லை.

குழந்தைகள் போனபின், பொம்மைகளை அடுக்கிவைக்கும் சிறிய அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். விரிவுரையாளர் தாளைப் பார்த்தபடி பேசினார். காலையில் நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மணி அடிச்சா நீங்க அந்தப் பையன்கிட்ட போறீங்க. கட்டை அடுக்கறவன் பக்கத்துல இருக்க வேண்டிய ஆள் நீங்க. மணி அடிக்கற நேரத்துல அவன் தனியா இருக்கான். ஒவ்வொரு தடவையும். ஏன்?"

பதில் ஒன்று தயாராகவே இருந்தது, அவள் தேடக்கூட வேண்டியதில்லை. அந்தக் குழந்தை கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, மாலையில் அம்மா வரும் நேரத்தில் அஞ்சுகிறான், அதனால் பக்கத்தில் இருக்கிறேன். சொல்லிப் பார்த்தால் அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. விரிவுரையாளர் தலையசைத்து, ஒரு மதிப்பெண் கூட்டிக்கூடப் போடுவார். பட்டம், பொறுப்பு, வகுப்பு எல்லாம் அந்தப் பதிலுக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

ஒரு சொல்லும் பொய் இல்லாததுதான் அவளை உறுத்தியது. பட்டாணியை அஞ்சவைத்தது யார் என்பது மட்டும் அந்தப் பதிலில் இல்லை.

"அவனைத் திரையா வச்சேன் சார்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, அண்ணி, மருந்துக் கடை, வாயைத் திறக்காத பிள்ளை.

விரிவுரையாளர் பேனாவை மூடி வைத்தார்.

"பேரை நீங்க சொல்லல. அந்த விதியை மீறல" என்றார். "ஆனா ஒரு குழந்தையைக் காப்பாத்த இன்னொரு குழந்தையை எடுத்துக்கிட்டீங்க. அந்தக் குழந்தைகிட்ட யார் கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

"இதை நான் தேறினதாப் போட முடியாது."

"தெரியும் சார்."

"இப்ப நீங்க சொல்லலன்னா போட்டிருப்பேன். அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." அவர் எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. அடுத்த பருவத்தில், வேறு பள்ளியில், களப்பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். அதற்குள் இந்த வகுப்பு இன்னொருவருக்குப் போய்விடும். பெரிய டீச்சர் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, வாரம் முடியும்வரை வரச்சொன்னாள். குழந்தைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் பெரியவர்கள் காணாமல் போகக் கூடாது, அது இங்கே விதி.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிட்டுவின் கையில் பிறைகள் மறைந்து, மஞ்சளாக ஒரு கறை மட்டும் இருந்தது. அண்ணன் தொலைக்காட்சி முன்னால் இருந்தான். நாத்தனார் தரையில் உட்கார்ந்து ஒரு போர்வையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, தையல்காரி பையன் இல்ல."

போர்வை நடுவில் நின்றது.

"நீதானே அவனையே மடியில வச்சிருந்த?"

"நீங்க பாக்கணும்னுதான் வச்சேன். வேற பக்கம் பாக்கக் கூடாதுன்னு."

அண்ணி போர்வையைக் கீழே வைத்தாள். வாய் திறந்தது. அடுத்த கேள்வி அங்கே வந்து நிற்பதை நாத்தனார் பார்த்தாள். அப்படின்னா யாரு? இழக்க இருந்தது போய்விட்டது, இனிப் பெயரைச் சொன்னாலும் பல்கலைக்கழகம் புதிதாக ஒன்றும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் வந்த கேள்வி வேறு.

"என் வாயால ஒரு பச்சப்புள்ள மேல பழி போட வச்சியா?"

"ஆமா அண்ணி."

"பேரைச் சொல்ல மாட்டேன்னு நின்னே பாரு, அப்பக்கூட மனசுக்குள்ள இவ செய்றது சரிதான்னு நெனச்சேன். அது எவ்வளவோ மேல்." அண்ணியின் குரல் உயரவில்லை. "எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன்னு எனக்கே தெரியல. களிம்பு வாங்க வந்தவகிட்ட சொன்னேன். அவ யாருகிட்ட சொன்னாளோ."

அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தை மறுபடி கூட்டினான். தேறவில்லை என்பதை நாத்தனார் அதற்குப் பிறகுதான் சொன்னாள். அண்ணி மடித்த துணிகளில் அவளுடையதையும் அவள் மகளுடையதையும் பிரித்து அவள் கையில் கொடுத்தாள். வழக்கமாக அண்ணியே மாடிக்குக் கொண்டுபோய் வைப்பாள்.

இரண்டு நாள் அப்படியே போனது. வாரத்தின் கடைசி நாள் மாலை, குழந்தைகளின் செருப்புகளை எடுத்துவைக்க நாத்தனார் வெளிவாசல் வரை வந்தபோது, அண்ணி கூட்டத்துக்கு நடுவே தையல்காரியின் எதிரில் நிற்பதைப் பார்த்தாள். மற்ற தாய்மார் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நடத்துனரும் அன்றைக்கு நேரத்தோடு வந்திருந்தாள்.

"உங்க பையனைப் பத்தி நான்தான் சொன்னேன்" என்றாள் அண்ணி. "நான் சொன்னது தப்பு. அவன் இல்ல."

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பழி சொன்னது கடையில. தப்புன்னு சொல்றது வாசல்ல. அங்கயும் சொல்லுவீங்களா?"

"வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்." தையல்காரி அதற்குமேல் ஒரு அங்குலமும் இறங்கவில்லை. இறங்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

"அப்ப யாருங்க அது?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணியை நோக்கி நடந்தாள். நடத்துனரின் கை பணப்பையின் கொக்கிமேல் இருந்தது, ஆனால் அது அசையவில்லை.

நாத்தனார் உள்ளே ஓடினாள். மேஸ்திரி அன்றைக்குத் தன் மார்பு உயரத்துக்கு மதில் கட்டியிருந்தான். அவனிடமிருந்து கை எட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளிவாசல் மணி அடித்தது. கால்கள் எழப் பார்த்தன. அலமாரிப் பக்கம் பட்டாணி நின்றிருந்தான். அவள் தரையை இரு கையாலும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

இப்போது அண்ணி கண்ணாடியில் வந்து நிற்பாள். பார்ப்பாள், பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். வேலையை ஒழுங்காகச் செய்வதே பெயரைச் சொல்வதாகிவிடும். எழுந்து போனால் மேஸ்திரி தனியாவான். உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சிட்டு, அம்மா வந்துவிட்டாள் என்று தெரிந்து கதவை நோக்கி ஓடினாள். ஓட்டத்தில் அவள் இடுப்பு மதிலில் பட்டது. கட்டைகள் எல்லாம் ஒரே சத்தத்தில் விழுந்தன.

மேஸ்திரி மூச்சை நிறுத்தினான். தாடை முன்னே வந்தது. சிட்டுவின் அதே கை அவன் முகத்துக்கு முன்னால் இருந்தது. நாத்தனார் தன் உள்ளங்கையை இருவருக்கும் நடுவில் நீட்டினாள். துணி வளையத்தை எடுக்க நேரமில்லை.

"விழுந்துருச்சு" என்றாள். "எல்லாம் விழுந்துருச்சு."

பற்கள் அவள் உள்ளங்கையின் ஓரத்தில் வந்து நின்றன. அழுத்தவில்லை. அவன் கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தான், பிறகு வாயை எடுத்துக்கொண்டு உரக்க அழத் தொடங்கினான். சிட்டு ஒன்றும் அறியாமல் கதவுக்குப் போய்க் கண்ணாடிக்குக் கீழே பலகையைத் தட்டினாள்.

நாத்தனார் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். கண்ணாடிச் சதுரத்தில் முகம் இல்லை. அண்ணியின் கொண்டையும், தோளில் மருந்துக் கடைப் பையின் வாரும் தெரிந்தன. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

சிட்டு மறுபடி தட்டினாள், அம்மா என்று கூப்பிட்டாள். அண்ணி திரும்பவில்லை. கூப்பிடுவது கேட்டது என்பதற்கு அடையாளமாக, விரல்களை மட்டும் பின்னால் நீட்டிக் கண்ணாடியில் மெல்லத் தட்டினாள். உதவிக்கு இருந்த பெண் வந்து கதவைத் திறந்து குழந்தையை வெளியே அனுப்பும்வரை அப்படியே நின்றாள்.

மேஸ்திரி அழுது முடித்து ஒரு கட்டையை எடுத்தான். நாத்தனார் அடுத்ததை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். சற்று நேரத்தில் மணி மறுபடி அடித்தது. அவள் நிமிரவில்லை.